ஒரே கீபோர்டில் ரெண்டு பேர் ஆடும்போது சில கீ வேலை செய்யல, கன்ட்ரோலரும் குழப்புது

இரட்டைக்கட்டம் கேட்டது:

லேப்டாப், அதில் வெளியே செருகின சாதாரண மெம்பிரேன் கீபோர்டு, ஒரு பிஎஸ்4 கன்ட்ரோலர். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு பேர் ஆடணும். மூணு சிக்கல் வருது.

கீபோர்டை ரெண்டு பேர் பங்கு போட்டா, முதல் ஆள் டபிள்யூ, டி ரெண்டையும் பிடிச்சிருக்கும்போது அடுத்தவரோட அம்புக்குறி சில சமயம் பதிவே ஆகல. முதல் ஆள் கையை எடுத்ததும் சரியாகுது.

கன்ட்ரோலரை இணைச்சா, அந்த ஒண்ணே ரெண்டு பாத்திரத்தையும் நகர்த்துது. பிஎஸ்4 கன்ட்ரோலரை விண்டோஸ்ல ஓட்டுற டிஎஸ்4விண்டோஸ், கேம் கடையான ஸ்டீம் ரெண்டும் ஓடிக்கிட்டு இருக்கு.

ஸ்பிளிட் ஸ்கிரீன் (ஆளுக்குப் பாதியாத் திரையைப் பிரிக்கிறது) போட்டதும் கேம் திணறுது. ரெசல்யூஷனைக் குறைச்சும் பெரிசா மாற்றம் இல்லை. விலை கூடின கேமிங் கீபோர்டு வாங்கினா தீருமா?

கம்பிவால்:

வாங்க வேண்டாம். லேப்டாப்பிலேயே இன்னொரு கீபோர்டு இருக்கிறது. முதல் ஆள் அதில் ஆடட்டும், இரண்டாம் ஆள் வெளிக் கீபோர்டில் ஆடட்டும். முதல் சிக்கல் தீர்ந்துவிடும்.

காரணம் இதுதான். மெம்பிரேன் கீபோர்டின் உள்ளே ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள் சந்திக்கும் இடங்களில்தான் கீகள் அமர்ந்திருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளைச் சேர்த்து அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகவே மின்சுற்றுக்குத் தோன்றும். இல்லாத கீயைப் பதிவு செய்துவிடக் கூடாது என்று, கீபோர்டில் உள்ள சிப் மூன்றாவது கீயையே விட்டுவிடுகிறது. எந்த இரண்டு கீயும் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு மட்டுமே இவற்றில் உத்தரவாதம். மூன்றாவது பதிவாவது எந்தக் கீ எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றும் சேராத கீபோர்டுகள் ஏராளம். இது பழுதில்லை, அமைப்பே அப்படி. டிரைவரை மாற்றினாலும் மாறாது.

இரண்டு கீபோர்டுக்கும் தனித்தனிக் கம்பி வலை, தனித்தனி சிப். ஒன்றில் நடப்பது மற்றதைத் தடுக்காது. பெரும்பாலான கேம்களுக்கு விண்டோஸ் இரண்டையும் ஒரே கீபோர்டாகத்தான் காட்டும். எனவே கேமில் எதையும் மாற்ற வேண்டாம், இருவருக்கும் வேறு வேறு கீ ஒதுக்கியிருந்தால் போதும். மவுஸ் விஷயம் வேறு: இரண்டு மவுஸ் செருகினால் இரண்டும் ஒரே சுட்டியைத்தான் இழுக்கும்.

ஒரே கீபோர்டுதான் என்றால், குதிப்பதையும் அடிப்பதையும் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் கீகளுக்கு மாற்றிப் பாருங்கள். அவற்றை மற்ற கீகளோடு மோதாதபடிதான் வழக்கமாக இணைத்திருப்பார்கள்.

நாலாம்பட்டன்:

கன்ட்ரோலர் பத்தி நான் சொல்றேன். அங்க ரெண்டு மொழிபெயர்ப்பாளர் ஒரே நேரத்துல பேசிக்கிட்டு இருக்காங்க. பிஎஸ்4 கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் மாதிரி காட்டுறதுதான் டிஎஸ்4விண்டோஸோட வேலை. ஸ்டீம் இன்புட்டும் அதையேதான் பண்ணுது. அதனால கேம் கண்ணுக்கு ஒரு கன்ட்ரோலர் ரெண்டாத் தெரியுது, ரெண்டாவதை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுது.

முதல்ல டிஎஸ்4விண்டோஸை முழுசா மூடுங்க. ஜன்னலை மூடினா போதாது, கடிகாரம் பக்கத்துல இருக்கிற ஐகானையும் பார்த்து எக்ஸிட் கொடுங்க. அப்புறம் ஸ்டீம்ல கேம் பேர் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கன்ட்ரோலர். அங்க ஸ்டீம் இன்புட்டை எனேபிள் பண்ணிட்டு கேமைப் புதுசாத் திறங்க. அப்பவும் ரெட்டையா வந்தா, அந்த கேம் பிஎஸ்4 கன்ட்ரோலரை நேராவும் படிக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை டிஸேபிள் பண்ணுங்க. ஸ்டீமுக்கு வெளியே இருக்கிற கேம்னா தலைகீழா: டிஎஸ்4விண்டோஸ் ஓடட்டும், அசல் கன்ட்ரோலரை ஹிட்ஹைடு (HidHide) டூலை வச்சு மறைச்சிடுங்க.

சில பழைய கேம் கீபோர்டையும் முதல் கன்ட்ரோலரையும் ஒரே ஆளுக்குக் கட்டி வச்சிருக்கும். அங்க ஸ்டீம் இன்புட்ல கன்ட்ரோலரோட ஸ்டிக், பட்டன் எல்லாத்துக்கும் ரெண்டாம் ஆளோட கீபோர்டு கீயைக் கொடுத்துடுங்க. கேம் அதைக் கீபோர்டுன்னே நம்பும். ஸ்டிக்கை லேசாச் சாய்ச்சா மெதுவா நடக்கிற வசதி மட்டும் போயிடும்.

இரட்டைக்கட்டம்:

ரெண்டு கீபோர்டு, சரியாயிடுச்சு. கன்ட்ரோலரும் சரி. நன்றி. ஆனா முதல் ஆள் ஓடுறதுக்கு வச்சிருக்கிற ஷிஃப்ட்டை அடிக்கடி தட்டினா நடுவுல ஒரு பெட்டி குதிச்சு கேமை மறைக்குது. ரெண்டாம் ஆள் வலது பக்க எண் கீகள்ல ஆடுறப்ப முதல் ஆளோட ஓட்டமும் விட்டு விட்டுப் போகுது.

கம்பிவால்:

பெட்டி ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வரும். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய், ஸ்டிக்கி கீஸுக்கான கீபோர்டு ஷார்ட்கட்டை அணைத்துவிடுங்கள். அங்கேயே ஃபில்டர் கீஸ் ஷார்ட்கட்டையும் அணையுங்கள். வலது ஷிஃப்ட்டை எட்டு வினாடி பிடித்திருந்தால் அது வரும், ஓடும் பட்டனாக வைத்தால் எட்டு வினாடி எளிதில் ஆகிவிடும்.

ஓட்டம் அறுபடுவதற்குக் காரணம் எண் கீகளுக்கான நம்லாக். அதன் விளக்கு எரியும்போது ஷிஃப்ட்டோடு எண் கீயை அழுத்தினால், விண்டோஸ் அதை அம்புக்குறியாக மாற்றுவதற்காக ஷிஃப்ட்டை ஒரு கணம் விட்டதாகக் காட்டும். நம்லாக்கை அணையுங்கள், அல்லது இரண்டாம் ஆளுக்கு ஐ, ஜே, கே, எல் கொடுங்கள். பின்னது மேல்.

நாலாம்பட்டன்:

திணறல் பத்தி: திரையைப் பாதியாப் பிரிச்சாலும் மொத்தப் புள்ளிகள் அதேதான். ஆனா எது தெரியுது, எதை வரையணும், நிழல் எங்க விழுதுங்கிற கணக்கை ரெண்டு கேமராவுக்கும் தனித்தனியாப் போடணும். அந்தச் சுமையில பெரும்பகுதி பிராசஸர் மேல விழுது, ரெசல்யூஷன் அதைத் தொடவே தொடாது. நிழல், தூரக்காட்சி, கூட்டம் மூணையும் இறக்குங்க. வினாடிக்கு வரையுற ஃபிரேமை 30ல பூட்டுங்க, 25க்கும் 50க்கும் நடுவுல ஏறி இறங்குறதை விட நிலையான 30 கைக்குச் சுகமா இருக்கும். சார்ஜரும் செருகியே இருக்கட்டும். அந்த 8 ஜிபி ஒரே ரேம் துண்டா இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியா இருந்தா அதே அளவுல ஒண்ணு சேருங்க. தனி கார்டு இல்லாத லேப்டாப்ல கிராஃபிக்ஸும் இந்த ரேமைத்தான் பயன்படுத்துது, ரெண்டு துண்டும் சேர்ந்து வேலை செய்யுற ரெட்டைச் சேனல் ஆனதும் வித்தியாசம் நல்லாவே தெரியும். காசு செலவழிக்கணும்னா கீபோர்டுல இல்ல, இதுலதான்.

கேம் வாங்கும் முன்னாடி ஸ்டீம் பக்கத்துல ஷேர்டு ஸ்பிளிட் ஸ்கிரீன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஆன்லைன் கோ-ஆப் மட்டும் இருந்தா ரெண்டு கம்ப்யூட்டர் வேணும். இட் டேக்ஸ் டூ ஒரே கம்ப்யூட்டர்ல ஆட ஒரு கன்ட்ரோலராவது கட்டாயம். ஸ்டார்டியூ வேலில 2020ல வந்த 1.5 பதிப்புல இருந்துதான் ஸ்பிளிட் ஸ்கிரீன், அதுலயும் ரெண்டாம் ஆளுக்குக் கன்ட்ரோலர். ஓவர்குக்ட் 2ல ஒரே கன்ட்ரோலரை இடது பாதி ஒருத்தர், வலது பாதி இன்னொருத்தர்னு பிடிச்சு ஆடலாம். உங்ககிட்ட இருக்கிற ஒண்ணே அதுக்குப் போதும்.