குருசடைத் தீவுக்குப் போய் வந்தோம்

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தில் கடலைப் பார்த்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறோம். பாலம் தாண்டி குந்துகால் பக்கம் திரும்பினால், குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு விடுகிறார்கள். அடுத்த முறை அவசியம் போய்ப் பாருங்கள்.

தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளில் இதுவும் ஒன்று. 1986-இல் அவற்றைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள். இன்னொரு பக்கம் நடந்தால் காலுக்கடியில் நறநறவென்கிறது. அத்தனையும் பவளத் துண்டுகள்! விரல் நீளத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தோம். உடம்பெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் துளைகள். ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குடியிருந்த அறை.

அப்பத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் செவுத்துக்குச் சுட்ட கிளிஞ்சல் மாதிரியில்ல இருக்கு" என்றார். "ஆமா ஆச்சி, இதையும் சுண்ணாம்புக்குத்தான் வெட்டிட்டுப் போனாங்க" என்றார் வழிகாட்டித் தம்பி. பவளப்பாறைதான் அலையைத் தடுத்துத் தீவைக் காக்கும் அரண். அதை வெட்டி எடுத்ததால் கரை அரித்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வெட்டுவது இப்போது நின்றுவிட்டது. ஆனால் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பா பாசி என்ற கடற்பாசி, குருசடைப் பக்கத்துப் பவளத்தின் மேல் போர்த்தி அதை மூச்சுமுட்ட வைக்கிறது. அதுதான் எனக்கு ரொம்பக் கவலையாக இருக்கிறது.

திரும்பும்போது சின்னப்பாலம் என்ற கடலோர ஊரில் கடற்பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தார். மரிக்கொழுந்து பாசிக்காக முங்கி எழுவது இவர்கள் பரம்பரைத் தொழில். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். "பாசி திரும்ப வளர வேணாமா?" என்று கேட்டார். கடலை இவர்களைவிட அறிந்தவர் யார்?

ஆவுளியாவைத்தான் பார்க்க முடியவில்லை. கடற்புல் மேயும் இந்தக் கடல் பசுவுக்காகப் பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் வந்திருக்கிறது. தொண்டி, கோட்டைப்பட்டினம் நமக்குப் பக்கம்தானே? அங்கே நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.