1991 யூனோஸா, 2003 எம்எக்ஸ்-5 காரா? லண்டன் ஹாரோவில் வைத்து ஓட்ட எது தோது?

ஹாரோவாசி:
எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போய்விட்டார்கள். இரண்டே சீட் உள்ள கார் ஒன்று வாங்க வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் கிடைத்திருக்கிறது. கையில் 5,000 பவுண்ட். வேலைக்குப் போக வேறு கார் உண்டு. இது ஞாயிறு காலை சில்டர்ன் குன்றுகள் பக்கம் ஒரு சுற்று போய்வர மட்டும்.

இரண்டு மாஸ்டா பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் (முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு ஜப்பானில் அந்தப் பெயர்), ஜப்பானிலிருந்து வந்தது, 1.6 லிட்டர் எஞ்சின், எழும்பும் ஹெட்லைட், 4,900 கேட்கிறார். இன்னொன்று 2003 எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8, விலை 2,800. என் மனைவி அந்த ஹெட்லைட் எழுவதைப் பார்த்ததிலிருந்து இரண்டாவது காரைப் பற்றிப் பேசவே விடமாட்டேன் என்கிறாள். எது சரி?

பழைய இரும்பு:
அண்ணிக்கு நல்ல கண். முதல் தலைமுறைதான், வேறு பேச்சே இல்லை. ஒரு டன்கூட எடை வராது. கியர் போடுவதே தனி சுகம், மணிக்கட்டை அசைத்தால் போதும். 2003 வண்டி நல்ல கார்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாரும் நின்று திரும்பிப் பார்ப்பதில்லை.

லெஸ்டர் மழை:
பழைய இரும்பு சொல்வது ஓட்டும்போது உண்மை. நிறுத்தி வைத்திருக்கும்போது என்ன ஆகிறது என்பதை நான் சொல்கிறேன். இரண்டையும் வைத்திருந்து அடிபட்டவன்.

முதலில் வாங்கியது 1990 மாடல். ஆறு வருடம் இருந்தது. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அதை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற இரும்புப் பெட்டிக்குள் போய் நிற்கும். எனக்கு இது தெரியாது. கார்ப்பெட் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று யோசித்தேனே தவிர, அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு எம்ஓடி (வருடாந்திரத் தகுதி) சோதனையில் மெக்கானிக் பின்சக்கரத்துக்கு முன்னால் விரலால் தட்டினார், சத்தம் மொத்தென்று வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் துருவின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார். இரண்டு பக்கமும் அறுத்து வெல்டிங் வைக்க நான் காருக்குக் கொடுத்த விலையில் பாதி போனது.

இதில் ஜனவரி மாதம் குளிரில், ஜிப்பைத் திறக்காமல் கூரையை மடக்கி, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலை நடுவில் உடைத்த கதை வேறு. 2003 காரில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி, அதுவும் பனியை உருக்கும் சூட்டுக்கம்பியோடு.

அடுத்து வாங்கியது 2001 மாடல். இன்னும் இருக்கிறது. 1.8 எஞ்சின் 146 குதிரைத்திறன், எடை பழையதை விட ஏறக்குறைய நூறு கிலோ கூட. மோட்டார்வேயில் லாரிகளுக்கு நடுவே நிம்மதி. தினசரி ஓட்ட இதுதான் என்பேன். ஆனால் இதற்கும் ஒரு வியாதி உண்டு: எஞ்சினுக்கு இருபுறமும் முன்னோக்கிப் போகும் பெட்டி போன்ற சேஸி ரெயில். உள்ளிருந்து துருப்பிடிக்கும். அடியில் பிளாஸ்டிக் தட்டு மறைத்திருப்பதால் எட்டிப் பார்த்தால் தெரியாது. தட்டைக் கழற்றி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்ட வேண்டும். விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

யூனோஸ் ஜப்பானில் எந்த ஊரில் ஓடியது, இங்கே எப்போது வந்தது என்று கேளுங்கள். சமீபத்தில் வந்ததென்றால் பனிக்காலத்தில் உப்புத் தூவும் நம் ஊர்ச் சாலையை அதிகம் பார்த்திருக்காது, துருவும் குறைவு, நல்லது. பழைய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில் மேல் ஓட்டுங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

1991 என்பதால் இன்னொன்று. ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனை குட்டையாக இருக்கும். கீழ்ப்பல்சக்கரம் ஆட்டம் கண்டு முனையையே தின்றுவிடும். அந்த வருடம் நடுவில்தான் மாஸ்டா மாற்றியது. கிராங்க் புல்லியின் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: நான்கு வெட்டு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் நீளம்.

என் ஓட்டு 2003க்கு. ரெயில் கெட்டியாக இருந்தால் மட்டும்.

டயர் ராணி:
ஹாரோ என்றால் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) எல்லைக்குள் வருகிறதே, யாரும் சொல்லவில்லை? 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க உண்டு. வண்டி தேறவில்லை என்றால் வீட்டு வாசலில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். 2006க்கு முன் பதிவான பெட்ரோல் கார்களில் சிலது தேறும், சிலது தேறாது. இரண்டு நம்பர் பிளேட்டையும் போக்குவரத்துத் துறைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். நாற்பது வயதான வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் 1991 காருக்கு 2032 ஆகிவிடும்.

ஹாரோவாசி:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

2003 யூலெஸில் தேறுகிறது. தட்டைக் கழற்ற விட்டார், நல்ல மனிதர். இடது ரெயிலில் ஸ்க்ரூடிரைவர் பிடி உள்ளே இறங்கிவிட்டது. அவரே பார்த்து முகம் வெளுத்துப் போனார், பாவம். 1,500 தருகிறேன் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

யூனோஸ் தேறவில்லை. ஆனால் சில் முழுக்கக் காந்தம் கப்பென்று ஒட்டியது. கார்ப்பெட் காய்ந்திருக்கிறது. 2019இல்தான் இங்கே வந்திருக்கிறது, இறக்குமதித் தாள் இருக்கிறது. புல்லியில் எட்டு வெட்டு, மூன்று முறை எண்ணினேன்.

கணக்குப் போட்டேன்: ஞாயிறு மட்டும் எடுத்தால் வருடத்துக்கு 650 பவுண்ட். மழை ஞாயிறுகளைக் கழித்தால் பாதிகூட வராது என்கிறாள் மனைவி. நானும் ஆமாம் என்றுவிட்டேன். 4,600க்குப் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. லெஸ்டர் மழை அண்ணா, அந்த ஓட்டைகளை எதைக் கொண்டு சுத்தம் செய்வீர்கள்?

லெஸ்டர் மழை:
தோட்டத்துக் கம்பி வேண்டாம், குழாய் கிழியும். சைக்கிளின் பழைய கியர் கேபிள் உறை, மெதுவாக. வருடத்துக்கு இரண்டு முறை. ஜிப்பை மறக்காதீர்கள்.