அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்த்தால் பழக ஆள் கிடைக்குமா?

மன்னார்குடிக்காரன்:
அம்மாவுக்கு 72 வயது. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் புனேயில், தங்கை மஸ்கட்டில். புனேக்கு அழைத்து வந்து பார்த்தேன். நாங்கள் வேலைக்குப் போனால் மாலை ஏழு மணி வரை பேச ஆளில்லை. இரண்டே மாதத்தில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். இப்போது கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் குடியிருப்புகளைப் பார்த்து வருகிறேன். சாப்பாடு, டாக்டர், காவல் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். என் பயம் வேறு. இந்த வயதில் புது இடத்தில் அம்மாவுக்கு யாராவது பழக்கமாவார்களா? பெரியப்பா வேறு, "பிள்ளைகள் இருந்தும் இல்லத்தில் விடுகிறாயா" என்று கேட்டுவிட்டார். மனசு கேட்கவில்லை.

கணக்கு டீச்சர்:
தம்பி, கோவைப் பக்கம் இப்படி ஒரு குடியிருப்பில் நான்கு வருடமாக இருக்கிறேன். வயது 71, கரூர்க்காரி, என் வீட்டுக்காரர் இல்லை. உங்கள் பயம் நியாயமானது. எனக்கு முதல் மூன்று மாதம் அப்படித்தான் போயிற்று.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு ஆறு நாற்காலி. நான் போய் உட்காரப் போனால், "அங்கே ஒரு மாமி வருவாங்க" என்பார்கள். தப்பாகச் சொல்லவில்லை, அவரவருக்கு இடம் பழகிவிட்டது. இரண்டு தடவை அப்படி நின்றேன். அப்புறம் கேரியரில் சாப்பாட்டை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டேன். சில நாள் மகளிடம் போனில் பேசியதைத் தவிர வாயே திறந்திருக்க மாட்டேன்.

அது மாறியது ஒரு பொங்கலுக்கு. சமையல் ஆட்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். காய் நறுக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் கதவு கதவாகக் கேட்டு வந்தார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து மூன்று கிலோ சின்ன வெங்காயம் உரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்கக் கையில்லை, ஒருவர் முந்தானையால் இன்னொருவர் துடைத்துவிட்டோம். அன்று மதியம் அவர்களே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். யோகா வகுப்பு, பஜனை, பிறந்தநாள் கேக் எல்லாம் இங்கே உண்டு. அவற்றில் எனக்கு ஒருவரும் நெருக்கமாகவில்லை. கையில் வேலை இருந்தபோதுதான் பேச்சு தானாக வந்தது.

இன்னொன்று. எங்கள் வீடுகள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, வாசலில் சின்னத் திண்ணை. கதவில் மாட்டியிருக்கும் மஞ்சள் பையில் காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் விழும். போன ஆடியில் எனக்குக் குளிர்காய்ச்சல். ஆறரை ஆகியும் பை கனமாகத் தொங்குவதை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார். கதவைத் தட்டினார். எழுந்து திறக்க எனக்குத் தெம்பில்லை. ஆபீசிலிருந்து மாற்றுச் சாவி வாங்கி வந்து திறந்தார். அன்றிலிருந்து எங்கள் வரிசையில் இதுதான் வழக்கம்: ஆறரைக்கு மேல் பை தொங்கினால் தட்ட வேண்டும்.

எனவே பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள். காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். நிறைய கேரியர் வரிசையில் காத்திருந்தால், பலர் அறைக்குள்ளேயே சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். தனியாக இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். தம்பதிகள் மாலையில் ஜோடியாக நடக்கப் போய்விடுவார்கள், அம்மா தனியாக நிற்கக் கூடாது. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். பெரியப்பாவையும் ஒரு நாள் அழைத்து வாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
டீச்சர் சொன்ன திண்ணை விஷயம் முக்கியம். சிங்கப்பூரில் எங்கள் பக்கம் கம்போங் அட்மிரால்டி என்று ஒரு கட்டடம், 2018-ல் திறந்தார்கள். முதியோருக்கு 104 சின்ன வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்கார வாசலிலேயே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கீழே உணவங்காடி. குழந்தைகள் காப்பகமும் முதியோர் நிலையமும் அடுத்தடுத்து. மாடியில் காய்கறித் தோட்டம். வீட்டைவிட்டு வெளியே வரக் காரணம் வேண்டும் என்று யோசித்துக் கட்டியது தெரிகிறது. நீங்கள் பார்க்கும் இடத்தில் வாசலுக்கு வெளியே உட்கார என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டம் தெரிந்தவர்:
பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். வீடு சொந்தமா, டெபாசிட்டா, அம்மாவுக்குப் பிடிக்காமல் கிளம்பினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஓய்வுக்கால இல்லங்களுக்கு மத்திய அரசு 2019-ல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசப் போங்கள்.

மன்னார்குடிக்காரன்:
டீச்சரம்மா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பால் பை வந்த இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆனால் யாரிடமும் தானாகப் போய்ப் பேசுகிறவர் இல்லை. நன்றாகப் பூக் கட்டுவார், அவ்வளவுதான்.

கணக்கு டீச்சர்:
எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை பூக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது கை நடுங்குகிறது தம்பி. கடையில்தான் வாங்குகிறோம். வியாழக்கிழமையே அழைத்து வாருங்கள், என் வீட்டில் தங்கிக்கொள்ளட்டும். நார் நான் வாங்கி வைக்கிறேன்.