மறு: கிராஸ் ரெஃபரன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> "குறுக்குக் குறிப்பு" என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

கொஞ்சம் பொறுங்கள். குறுக்கு என்றதும் நம் காதில் விழுவது குறுக்கே பேசுவதும் குறுக்கே நிற்பதும்தான். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நிலைத்துவிட்டது, உண்மை. எதிர்த்தரப்பு மறித்துக் கேட்கிற இடம் அது, அதனால் பொருந்துகிறது. நாம் தமிழில் எழுதும் நிரல் ஆவணத்தில் யாரும் யாரையும் மறிப்பதில்லை. நீங்கள் தேடுவது அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படிக்கும் சில பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். ஒரு பெண் மதிப்பெண்களை வரிசைப்படுத்த 'மார்க் = மார்க்.சார்ட்()' என்று எழுதி அச்சிட்டுப் பார்த்தாள். திரையில் 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று ஒரே ஒரு சொல். "சார், மார்க்கெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். சார்ட், இருக்கிற பட்டியலையே மாற்றி அடுக்கிவிட்டு எதையும் திருப்பித் தராது. புதுப் பட்டியல் வேண்டுமென்றால் சார்டட். ஆங்கில ஆவணத்தில் சார்ட்டுக்கான விளக்கத்துக்குள்ளேயே, சார்டட்டைப் பயன்படுத்து என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வருகிறது. சொடுக்கினால் அங்கே போய்விடலாம். நம் தமிழ்க் குறிப்பை எழுதியபோது அந்த வரியை நான் விட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

> நன்னூலின் 32 உத்திகளில் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' இருக்கின்றனவே?

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பின்னால் சொல்வோம், முன்பே சொன்னோம் என்று நூலுக்குள் வழி சொல்வதையே உத்தியாக வகுத்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலிலும் 'மொழிவாம் என்றல்', 'கூறிற்று என்றல்' உண்டு. ஆனால் இவை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கும் நூலுக்கானவை. நிரல் நூலக ஆவணத்தை யார் அப்படிப் படிக்கிறார்கள்? தேடுபொறியில் தட்டி, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களிடம் 'உரைத்தாம்' என்றால், எங்கே உரைத்தோம்?

'இணைப்பு' போதாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ரஸ்ட் நிரல்மொழியில் 2020 நவம்பரில் வெளியான 1.48 வரை, ஆவணத்தில் இன்னொரு உருப்படியைக் காட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் அதன் எச்டிஎம்எல் கோப்புக்கான பாதையைக் கையால் எழுத வேண்டும். கோப்பு இடம் மாறினால் பாதை செத்துப்போகும். அந்தப் பதிப்பிலிருந்து சதுர அடைப்புக்குள் பெயரை எழுதினால் போதும். அது எங்கே இருக்கிறதென்று ரஸ்ட்டின் ஆவணக் கருவியான ரஸ்ட்டாக் தேடிக்கொள்ளும், கிடைக்காவிட்டால் எச்சரிக்கும். பைத்தான் ஆவணத்துக்காகப் பிறந்த ஸ்பிங்ஸ் கருவியும் பெயரை வைத்தே தேடுகிறது. ஆக, எழுதுகிறவர் வைப்பது பெயர், பாதை போடுவது கருவியின் வேலை. இணைப்பு என்ற சொல் பாதையைத்தான் குறிக்கிறது.

பெயரைத் தாங்கித் திசை காட்டிக்கொண்டு நிற்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கைகாட்டி. பாலக்காட்டுப் பக்கம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இது பொது. நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதிக்கு ஏறிப் பாருங்கள், மேலே ஒரு கூட்டுரோட்டுக்குப் பெயரே கைகாட்டி. எங்கள் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லவே வேண்டியதில்லை.

கூட்டுச்சொல்லும் தாராளமாக வருகிறது. குறித்த பெயரே இல்லாமல் போய்விட்டால் ஊரில்லாக் கைகாட்டி. அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி இங்கே காட்டினால் எதிர்க் கைகாட்டி. பக்கத்தின் அடியில் வரும் தலைப்புக்கு மட்டும் 'இதையும் பார்க்க' இருக்கட்டும், எல்லோருக்கும் பழகிவிட்டது.

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து

~

வணக்கம். எங்கள் நாகர்கோவில் பக்கம் கைகாட்டி என்றால் பெரியவர்களுக்கு ரயில் கைகாட்டி மரம்தான் ஞாபகம் வரும். அது நில், போ என்று சொல்வது. அப்புறம், வினையாக்கினால் 'கைகாட்டு' என்று வரும். அது பஸ்ஸை நிறுத்துகிற வேலை அல்லவா?

~

அண்ணாச்சி, ரயில் கைகாட்டியால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். ஆவணம் படிக்கிறவர் பக்கத்தில் ரயிலைத் தேடமாட்டார். இரண்டாவது நியாயமான கேள்வி. 'இந்தச் செயற்கூறு அதைக் கைகாட்டுகிறது' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே உறுத்தியது. வினைக்கு 'கைகாட்டி வை' என்றே கொள்வோம். 'சார்ட் பக்கத்தில் சார்டட்டுக்குக் கைகாட்டி வைக்கவும்' என்றால் நேராகப் புரிகிறது.

அந்த வரியை இன்று காலை சேர்த்தும்விட்டேன். மற்றப் பக்கங்களுக்கு ஆளுக்கொரு மாட்யூல் எடுத்துக்கொள்ளலாமா? தரவைச் சேமித்து வைக்க உதவும் ஜேசனையும் பிக்கிளையும் நான் பார்க்கிறேன். எதை எப்போது எடுப்பது என்று பிள்ளைகள் தடுமாறுகிற இடம் அது. பிக்கிளின் ஆங்கிலப் பக்கத்தில் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பகுதியே இருக்கிறது, நம்மிடம் அங்கே ஒரு கைகாட்டிகூட இல்லை.