சூப்பர்நேச்சுரல்: “நான் செஞ்சிருக்க மாட்டேன்”னு சாம் சொன்னது எந்த அர்த்தத்துல?

நெடுஞ்சாலை67:

பேய்களை வேட்டையாடுற வின்செஸ்டர் சகோதரர்கள் டீன் (அண்ணன்), சாம் (தம்பி) பத்தின அமெரிக்க டிவி தொடர் இது. 15 சீசனையும் முடிச்சவங்க மட்டும் உள்ளே வாங்க. கடைசி எபிசோடு வரைக்கும் பேசப்போறோம்.

9ம் சீசன் 13ம் எபிசோடோட கடைசிக் காட்சி. அவங்க தங்குற நிலத்தடி பங்கரோட சமையலறை, ராத்திரி. சாகக் கிடந்த சாமைக் காப்பாத்த, அவனுக்கே தெரியாம ஒரு தேவதூதனை அவன் உடம்புக்குள்ள விட்டது சரிதான், மறுபடி அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன்னு டீன் சொல்றான். நீ என்னைக் காப்பாத்தினது எனக்காக இல்ல, தனியா இருக்க பயந்து உனக்காகச் செஞ்சதுன்னு சாம் சொல்றான். நான் சாகக் கிடந்தா நீயும் இதைத்தானே செய்வேன்னு டீன் கேட்டதும், அதே சூழ்நிலைன்னா நான் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுறான். டீன் அப்படியே உக்காந்திருக்கான்.

அதே சீசனோட கடைசி எபிசோடுல, டீன் குத்துப்பட்டு சாகுறப்போ, இதுக்கு நீ சம்மதம்னுதானே சொன்னேன்னு கேக்குறான். “பொய் சொன்னேன்”னு சாம் சொல்றான். அண்ணன் உடம்பை பங்கருக்குக் கொண்டுவந்து கட்டில்ல கிடத்தின கையோட நரகத்தோட ராஜா க்ரௌலியை வரவழைக்க சடங்கும் ஆரம்பிச்சிடுறான்.

இதுல எது உண்மையான சாம்? டீன் செய்றதெல்லாம் பாசமா, இல்ல தனியா விடப்படுவோங்கற பயமா? 8ம் சீசன்ல சாம் அண்ணனைத் தேடவே இல்லையே, அதை இதுல எங்கே வைக்கிறது? பதில் சொல்றவங்க தயவுசெஞ்சு எபிசோடுல நடந்ததை வெச்சுப் பேசுங்க. “நான் டீன் கட்சி, நீ சாம் கட்சி” வேண்டாம்.

உப்புக்கோடு:

எல்லோரும் “செய்ய மாட்டேன்” என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் “அதே சூழ்நிலை” என்பதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சூழ்நிலையில் என்னென்ன இருந்தது என்று வரிசையாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

9ம் சீசன் முதல் எபிசோடில் சாம் மருத்துவமனையில் கோமாவில் கிடக்கிறான். நரகத்தின் கதவை மூடும் மூன்று சோதனைகள் அவன் உடம்பை உள்ளிருந்து தின்றுவிட்டன. அவன் மனதுக்குள் ஒரு மரவீடு. அங்கே மரணம் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சாம் அதனிடம் கேட்பது ஒரே ஒரு உறுதிமொழி: இம்முறை செத்தால் செத்ததாகவே இருக்க வேண்டும், யாரும் பேரம் பேசித் திருப்பக்கூடாது, தன்னால் இன்னொருவர் பாதிக்கப்படக்கூடாது. அவன் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் கேட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் டீன் எசேக்கியேல் என்று பெயர் சொல்லி வந்த தேவதூதனை உள்ளே அனுப்புகிறான். இந்தக் கதையில் தேவதூதன் ஓர் உடம்புக்குள் நுழைய அந்த உடம்புக்காரன் வாயால் “சரி” சொல்ல வேண்டும். பேய்களுக்கு அந்த விதி கிடையாது. ஆகவே தூதன் டீனின் முகத்தைப் போட்டுக்கொண்டு சாமின் மனதுக்குள் போகிறான். சாம் சம்மதம் சொன்னது அண்ணன் முகத்துக்கு. கண் விழித்த பிறகு அந்த நினைவும் அவனிடம் இல்லை. தேறியது எப்படி என்று கேட்டால் டீன் ஏதோ சொல்லி மழுப்புகிறான்.

எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம். சாமின் சம்மதத்தைத் திறக்கும் சாவி அண்ணன் முகம்தான் என்று டீனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையையே கருவியாக்கிவிட்டான்.

பிறகு நடந்தது 9ம் எபிசோடில். வந்தவன் எசேக்கியேல் அல்ல, காட்ரியல். டீன் சந்தேகப்பட்டு, தூதனைச் சற்றுநேரம் அடக்கிவைத்து சாமோடு மட்டும் பேச, அவர்களோடு இருக்கும் இளம் தீர்க்கதரிசி கெவினை வைத்து ஒரு குறியீடு வரைகிறான். அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்ட காட்ரியல் குறியீட்டை முன்பே மாற்றிவிடுகிறான். டீன் உண்மை முழுவதையும் தம்பியிடம் சொல்வதாக நினைத்துத் தூதனிடமே சொல்கிறான். சில நிமிடங்களில் சாமின் கை கெவினின் நெற்றியில். கெவின் கண் எரிந்து சாகிறான். “என்னால் யாரும் பாதிக்கப்படக்கூடாது” என்று மரணத்திடம் கேட்டவனின் கையாலேயே அந்தப் பையன் செத்தான்.

எனவே சமையலறையில் சாம் “உனக்காக உயிரைக் கொடுக்க மாட்டேன்” என்று சொல்லவில்லை. “உன் சம்மதம் இல்லாமல் உன்னைப் பூட்டிவைத்து, அதை உன்னிடமே மறைத்து வாழ மாட்டேன்” என்கிறான். அந்த வாக்கியத்தை டீன் எப்படிக் கேட்டான் என்பது தனிக்கதை.

குறுக்குச்சாலை:

உப்புக்கோடு சொன்னது சரி, ஆனா டீன் பக்கம் ரொம்பச் சீக்கிரம் தீர்ப்பு எழுதியாச்சு. பயம்னு ஒரே சொல்லுல முடிச்சா அவன் கேரக்டரோட அடிவேரே போயிடும்.

1983 நவம்பர் 2. டீனுக்கு 4 வயசு, சாமுக்கு 6 மாசம். வீடு எரியுது. அப்பா கைக்குழந்தையைத் தூக்கி அவன் கையில குடுத்து, திரும்பிப் பாக்காம வெளிய ஓடுன்னு சொல்றார். அன்னைக்குக் கையில வாங்கின குழந்தையை அவன் கீழ இறக்கவே இல்ல.

முதல் சீசன் 18ம் எபிசோடு, குழந்தைங்க உயிரை உறிஞ்சுற ஷ்ட்ரிகாங்கற சூனியக்காரி கதை. அறையை விட்டு வெளிய போகாதே, தம்பியைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு அப்பா ஜான் வேட்டைக்குப் போறார். சலிப்புல டீன் கொஞ்ச நேரம் வீடியோ கேம் ஆடப் போயிடுறான். திரும்பி வந்தா தூங்குற சாம் மேல அது குனிஞ்சு நின்னு உயிரை உறிஞ்சுது. டீன் துப்பாக்கியை எடுக்குறான், சுட முடியல. அந்த நேரம் பாத்து ஜான் வந்து விரட்டுறார். அதுக்கப்புறம் அப்பா தன்னைப் பாத்த பார்வையே மாறிடுச்சுன்னு வளந்த டீன் சொல்றான். ஒரு சின்னப் பையன் கொஞ்ச நேரம் விளையாடப் போனதுக்கு ஆயுசு முழுக்கத் தண்டனை.

இப்ப 2ம் சீசனுக்கு வாங்க. முதல் எபிசோடுல ஜான் தன் உயிரையும் பேயையும் கொல்லக்கூடிய கோல்ட் துப்பாக்கியையும் அசாசெல்ங்கற பேய் கிட்ட குடுத்து டீனைப் பிழைக்க வைக்கிறார். நான் செத்தவன், செத்தே இருந்திருக்கணும்னு 4ம் எபிசோடுல டீன் அழுறான். ஒருத்தர் உயிரை விலையா வாங்கி வாழ்றது எப்படிக் கொல்லும்னு அவனுக்கு அணுஅணுவாத் தெரியும். தெரிஞ்சும் அந்த சீசன் முடிவுல சாம் செத்ததும் அதே பாரத்தை தம்பி தலையில வைக்கிறான்.

தம்பி உயிருக்காகத் தன் ஆன்மாவைப் பேய் கிட்ட விக்கிற அந்தப் பேரத்தை நல்லாக் கவனிங்க. நாற்சந்தி நடுவுல பெட்டியைப் புதைக்கணும். உள்ள கேக்குறவன் போட்டோ, சுடுகாட்டு மண், கருப்புப் பூனை எலும்பு. வழக்கமா நரகத்துக்குப் போக கெடு 10 வருஷம். டீன் 10ல ஆரம்பிச்சு 9, 8னு இறங்கி 5க்கு வர்றான். பேய் எதுக்கும் மசியல, நடந்து போகவே ஆரம்பிச்சிடுது. கடைசியா 1 வருஷம். தப்பிக்க முயற்சி பண்ணினா சாம் அந்த இடத்துலயே பொணம்ங்கறது நிபந்தனை. அவன் ஒத்துக்குறான். தனக்கு அவ்வளவுதான் மதிப்புன்னு நினைக்கிறவன்தான் அப்படி ஒத்துக்குவான். அவங்களுக்கு அப்பா மாதிரி இருக்கற வேட்டைக்காரர் பாபி அவன் சட்டையைப் பிடிச்சுக் கத்துறதும் அதுக்குத்தான். தனிமையைப் பாத்து பயந்தவனா இருந்தா, ஒரு வருஷத்துல தானே நரகத்துக்குப் போறதுல என்ன லாபம் அவனுக்கு? தம்பியைப் பாத்துக்கற வேலையில தோத்துட்டோங்கறதைத்தான் அவனால தாங்க முடியல. 9ம் சீசன்லயும் அதேதான்.

நெடுஞ்சாலை67:

குறுக்குச்சாலை, ஷ்ட்ரிகாவையும் மருத்துவமனையையும் சேத்து வெச்சு நான் யோசிச்சதே இல்ல. ரெண்டுலயும் தம்பி படுக்கையில, இவன் பக்கத்துல. நன்றி. ஆனா சாம் சொன்ன “உனக்காகத்தான் செஞ்சே” அப்போ தப்பா?

குறுக்குச்சாலை:

தப்பில்ல, பாதி. தோத்துட்டோங்கற வலி டீனோடது, அதைத் தீத்துக்கற செலவு சாமோடது. அந்தக் கணக்கை சாம் சரியாச் சொல்லிட்டான். சொன்ன நேரம்தான் கொடூரம்.

கேன்சஸ் காகம்:

8ம் சீசன் பற்றி யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

7ம் சீசன் முடிவில் லெவயதன் அரக்கர்களின் தலைவன் டிக் ரோமன் வெடித்துச் சிதறியபோது டீனும் அவர்கள் தோழனான தேவதூதன் கேஸ்டியலும் காணாமல் போனார்கள். கெவினை க்ரௌலி பிடித்துக்கொண்டு போனான். பாபி ஏற்கெனவே இல்லை. சாம் தனியே நிற்கிறான். அண்ணன், அரக்கர்கள் செத்தபின் போகும் இடமான பர்கட்டரியில் ஓராண்டு ரத்தம் சிந்திக்கொண்டிருக்க, இவன் காரில் ஒரு நாயை இடித்து, கால்நடை மருத்துவர் அமேலியாவோடு ஒரு வாழ்க்கையைத் தொடங்குகிறான். ஒருவர் போனால் மற்றவர் தேடக்கூடாது என்று பேசிவைத்திருந்தோம் என்பது அவன் சொல்லும் காரணம்.

பேசிவைத்ததைக் காப்பாற்றினான் என்றால், இங்கே நடப்பதும் 9ம் சீசனில் அவன் கேட்பதும் ஒரே கொள்கை. போக விடுவது. அதனால் இரண்டு சீசனுக்கும் முரண் இல்லை என்பார்கள். நான் முழுதாக ஏற்கவில்லை. 3ம் சீசன் 11ம் எபிசோடு, செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப வரும் கதை, அதில் டீன் இறந்தபின் சாம் மாதக்கணக்காக இயந்திரம்போல் வேட்டையாடி அலைகிறான். படுக்கை விரிப்பில் சுருக்கம்கூட இல்லாமல் மடித்து வைக்கிறான். அதன் திரைக்கதையை எழுதியவர் ஜெரமி கார்வர். 8ம் சீசனிலிருந்து தொடரின் பொறுப்பை ஏற்றவரும் அவரே. அந்த சாமை எழுதத் தெரிந்தவர், இந்த சாம் ஏன் உடைந்து விலகினான் என்பதற்கு ஒரு முழுக் காட்சிகூடத் தரவில்லை. நாயையும் வெயிலையும் மங்கலான ஒளியில் காட்டினால் போதாது. இது எழுத்தில் விழுந்த ஓட்டை, சாமின் குணத்தில் தேட வேண்டாம்.

ஆனால் டீனைத் தேடாததை விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. 8ம் சீசன் முதல் எபிசோடில், சாம் விட்டெறிந்த போனிலிருந்து டீன் குரல்பதிவுகளைப் போட்டுக் கேட்கிறானே, அவை கெவினுடையவை. தப்பித்துவிட்டேன், உதவுங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக, நம்பிக்கை குறைந்துகொண்டே போகும் குரல். தேடக்கூடாது என்ற உடன்பாடு கெவினோடு யாரும் போடவில்லை. சாமுக்கு அங்கே பதிலே இல்லை. மறு சீசனில் அவன் கையாலேயே கெவின் சாகும்போது, அந்தக் குரல்பதிவுகளும் சேர்ந்துதான் அவனை அழுத்துகின்றன என்று நான் பார்க்கிறேன்.

பர்கட்டரியில் டீனுக்கு நண்பனான வாம்பயர் பென்னியையும் மறக்க வேண்டாம். டீன் அவனோடு பழகுவது பிடிக்காமல் முறைத்துக்கொண்டே இருந்தவன் சாம். 8ம் சீசன் 19ம் எபிசோடில் அதே சாமை பர்கட்டரியிலிருந்து மீட்க, பென்னி தன் கழுத்தை நீட்டுகிறான். டீன் வெட்டுகிறான். அங்கே டீன் முதலில் கேட்டான், பென்னி சரி என்றான். வாம்பயரிடம் சம்மதம் கேட்கத் தெரிந்தவனுக்குத் தம்பியிடம் கேட்க வாய் வரவில்லை.

நெடுஞ்சாலை67:

கடைசி வரி மனசுல நிக்குது.

அப்போ உப்புக்கோடு கிட்ட ஒரு கேள்வி. சம்மதம் இல்லாம செய்ய மாட்டேங்கறதுதான் சாமோட கொள்கைன்னா, 10ம் சீசன்ல அவன் செஞ்சதுக்கு என்ன பேர்?

உப்புக்கோடு:

கொள்கை உடைந்தது என்றுதான் பேர். அதை மறைக்க முடியாது.

9ம் சீசன் கடைசியிலேயே விரிசல் தெரியும். இப்படி முடிவதே நல்லது, காயீனின் முத்திரை (டீன் கையில் ஏற்றுக்கொண்ட சாபக்குறி) என்னை வேறொன்றாக மாற்றுகிறது என்று டீன் சாகும்போது வாயால் சொல்கிறான். அதைக் கேட்ட பிறகும் சாம் க்ரௌலியைக் கூப்பிடுகிறான். 10ம் சீசன் 18ம் எபிசோடில், முத்திரையை நீக்க வழி சொல்லும் சபிக்கப்பட்டவர்களின் புத்தகத்தை எரித்துவிடச் சொல்கிறான் டீன். சாம் நெருப்பில் போட்டது வேறு புத்தகம். அசலை ஒளித்துவைத்து, சூனியக்காரி ரோவீனாவையும் தோழி சார்லியையும் வைத்து ரகசியமாக வேலை செய்கிறான். 21ம் எபிசோடில் சார்லி கொல்லப்படுகிறாள். முத்திரை நீங்கியதும் அது பூட்டிவைத்திருந்த ‘இருள்’ என்ற ஆதி சக்தி அவிழ்ந்து உலகத்தின் மேல் கவிகிறது.

மறைத்தது, அண்ணனைக் கேட்காமல் முடிவெடுத்தது, அவர்கள் தம்பி தங்கையைப்போல் நேசித்த ஒருவர் பலியானது. கெவினின் இடத்தில் சார்லி. எழுத்தாளர்கள் இதை ஒவ்வொரு படியாக ஒத்துவரும்படி அமைத்திருக்கிறார்கள். சமையலறையில் சாம் சொன்னதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று அவன் நம்பியதைச் சொன்னான். சோதனை வந்தபோது அவனும் வின்செஸ்டர்தான்.

பங்கர் நூலகர்:

இந்தப் பேச்சில் இன்னொரு தம்பி விடுபட்டுவிட்டான். ஆடம், ஜானுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவன்.

6ம் சீசன் 11ம் எபிசோடில் டீன் மரணத்திடம் போய், லூசிஃபரையும் பிரதான தூதன் மிக்கேலையும் அடைத்த நரகக் கூண்டிலிருந்து சாமின் ஆன்மாவையும் ஆடமையும் மீட்டுத் தரக் கேட்கிறான். ஒருவரைத் தேர்ந்தெடு என்கிறது மரணம். டீன் சாமைச் சொல்கிறான். அதன் பிறகு ஆடமை மீட்க அண்ணன்மார் இருவரும் ஒரு சடங்குகூடச் செய்யவில்லை. 15ம் சீசன் 8ம் எபிசோடில் அவன் திரும்பி வரும்போது, கூண்டுக்குள் தனக்கென்று இருந்தது மிக்கேல் மட்டும்தான் என்கிறான். ரத்தம் ஒன்றானால் பாசம் தானாக வந்துவிடும் என்று இந்தத் தொடர் சொல்வதாக நினைப்பவர்கள் ஆடமை நினைத்துக்கொள்ளட்டும். ஒரே காரில், ஒரே மோட்டல் அறையில் வளர்ந்தது வேறு.

அந்த 6ம் சீசன் எபிசோடில் இன்னொன்றும் நடக்கிறது. ஆன்மா இல்லாத சாம் அதைத் திரும்பப் பெற மறுக்கிறான், பாபியைக் கொல்லவே துணிகிறான். அவனைக் கட்டிப்போட்டு, அவன் கதறக் கதற ஆன்மாவை உள்ளே வைக்கிறார்கள். சம்மதம் மீறப்பட்டது 9ம் சீசனில் முதல்முறை அல்ல. ஆனால் அப்போது மறுத்தது ஆன்மா இல்லாதவன். ஆன்மா உள்ள சாம் பிறகு அண்ணனைக் குறைசொல்லவில்லை. மருத்துவமனையில் மறுத்தவனோ முழு சாம். அதனால்தான் இதை மட்டும் அவனால் விட முடியவில்லை.

குறுக்குச்சாலை:

ஆடம் விஷயத்துல வாயடைச்சுப் போச்சு. டீன் பக்கம் நிக்கிற நானே சொல்றேன், அதுக்குச் சமாதானமே கிடையாது.

சமையலறைக் கேள்விக்கான பதில் கடைசி எபிசோடுலதான் இருக்கு. மாட்டுக் கொட்டகைல சண்டை முடிஞ்சுது, டீன் முதுகுல கம்பி ஏறியிருக்கு. உதவிக்கு ஆளைக் கூப்பிட சாம் நகர்றப்போ, போகாதே, கூட இருன்னு டீன் சொல்றான். என்னைத் திரும்பக் கொண்டுவராதே, அது எப்பவும் கெட்டதுலதான் முடியும்ங்கறான். அப்புறம் தம்பி வாயால ஒரு வார்த்தை கேக்குறான்: பரவாயில்ல, போகலாம்னு சொல்லுன்னு. சாமுக்கு சடங்கு தெரியும், புத்தகம் தெரியும், நாற்சந்திக்கு வழியும் தெரியும். நெத்தியோட நெத்தி வெச்சு, போன்னு சொல்றான்.

9ம் சீசன்ல டீன் முகத்தைப் போட்டு ஒருத்தன் சாம் கிட்ட “சரி” வாங்கினான். இங்க டீனே நேர்ல நின்னு கேக்குறான்.

நெடுஞ்சாலை67:

அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாத்துட்டு வர்றேன். 9ல 1, 13, 23, அப்புறம் நேரா 15ல 20. இந்த வரிசையில.