ஆலையில் கழிவு, தண்ணீர், மின்சாரம் மிச்சப்படுத்துபவர்களுக்குப் பாராட்டு: எதை அளவாக வைப்பது?

கேள்வி (எச்ஆர்_மேசை):
திரவ உணவு தயாரிக்கும் ஆலை, மூன்று ஷிஃப்ட். கழிவு எடை எந்த ஷிஃப்டில் குறைவோ அந்த ஷிஃப்டுக்கு மாதப் பரிசு என்று வரைவு போட்டிருக்கிறோம். இதில் எங்கே இடிக்கும்? பரிசைப் பணமாகக் கொடுக்கலாமா?

பதில் (இடிபி_பக்கம்):
முதல் வரியிலேயே இடிக்கும். தொட்டியை எடை போட்டுப் பரிசு கொடுத்தால் கழிவு தொட்டிக்கு வராது, வடிகாலுக்குப் போகும். திரவமாயிற்றே, ஒரு வால்வைத் திறந்தால் வேலை முடிந்தது. முழுப் பாலின் சிஓடி (அதில் உள்ள பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராமுக்கு மேல். கொஞ்சம் ஊற்றினாலே சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூதும் புளோயர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். அதனால் தொட்டி எடைக்குப் பக்கத்திலேயே வடிகால் சிஓடியையும் எழுதுங்கள். எடை இறங்கி சிஓடி ஏறியிருந்தால் பரிசு கிடையாது.

ஷிஃப்டை ஷிஃப்டோடு ஒப்பிடவும் வேண்டாம். ஒரே சுவையை எட்டு மணி நேரம் ஓட்டுபவருக்கும் நான்கு முறை சுவை மாற்றுபவருக்கும் கழிவு ஒன்றாக இருக்காது. மாற்றும்போது குழாயில் நிற்கும் சரக்கும் தண்ணீரும் கலந்து வீணாவதுதான் பெரிய பங்கு. டன்னுக்கு இத்தனை கிலோ என்று வகுத்தாலும் இது சரியாகாது. ஒரு மாற்றத்துக்கு எத்தனை கிலோ என்று தனியாக எடுத்து, அதே லைனின் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். அட்டவணை போடுவது திட்டமிடல் பிரிவு. அதற்கு ஆபரேட்டர் என்ன செய்வார்?

பதில் (கியூஏ_லேப்):
தண்ணீருக்குப் பரிசு என்று அறிவித்தால் முதலில் கை வைப்பது சிஐபியின் (குழாய்களைக் கழற்றாமலே உள்ளே கழுவும் முறை) கடைசி அலசலில்தான். அதில் இரண்டு நிமிடம் குறைத்தால் மீட்டர் அழகாக இறங்கும், கழுவ விட்ட காரக் கரைசலோ ஒவ்வாமைப் பொருளோ குழாயில் தங்கிவிடும். ஏடிபி ஸ்வாப் (பரப்பைத் துடைத்து உயிர்ப்பொருள் எச்சம் பார்க்கும் சோதனை) சுத்தம் என்று காட்டினாலும் ஒவ்வாமைப் புரதம் இல்லை என்று ஆகாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். எனவே யோசனைப் படிவத்தில் கியூஏ (தர உறுதிப் பிரிவு) கையெழுத்து விழும்வரை சோதனை ஓட்டம்கூடக் கூடாது.

பரிசுக்குத் தகுதியான யோசனைகளும் இங்கேயே உண்டு: அலசலை நேரம் பார்த்து நிறுத்தாமல் தண்ணீரின் கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்தும் அளவு) பார்த்து நிறுத்துவது, கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்து வைத்து அடுத்த முதல் அலசலுக்கு விடுவது. ஒவ்வாமைப் பொருள் ஓடிய லைனின் தண்ணீரை மட்டும் வேறு லைனுக்கு விடாதீர்கள்.

பதில் (கம்ப்ரசர்_ரூம்):
இப்படிப்பட்ட திட்டங்களில் மேடை ஏறுவது ஸ்லைடு போடத் தெரிந்தவர்கள். இரவில் கழுவுபவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் எச்ஆர் பட்டியலிலேயே இருப்பதில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தொடங்க எளிய இடம் காற்றுக் கசிவு. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் காற்று போகும், கம்ப்ரசருக்கு அது 3 முதல் 4 கிலோவாட் சுமை. கசிவைப் பார்த்தவர் இடம், தேதி, பெயர் எழுதி ஒரு டேக் கட்டட்டும். அடைத்ததும் டேக்கைக் கிழித்து, பார்த்தவருக்குப் பாதி, அடைத்த ஃபிட்டருக்குப் பாதி. ஃபிட்டருக்கு ஒன்றும் இல்லையென்றால் டேக்குகள் தொங்கிக்கொண்டே இருக்கும். பலன் தெரிய, உற்பத்தி நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். 2 நிமிடம் லோடு (காற்றை அழுத்துவது), 8 நிமிடம் அன்லோடு (அழுத்தாமல் நிற்பது) என்றால் கசிவு கம்ப்ரசர் திறனில் 20 சதவீதம். லோடு-அன்லோடு வகைக்குத்தான் இந்தக் கணக்கு, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி உள்ளதற்குச் செல்லாது.

பணம் கொடுக்கலாம், சிறிய நிலையான தொகையாக. மிச்சத்தில் சதவீதம் என்று போட்டால் யோசனை யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சும். வரும் யோசனைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். பதில் வராத பெட்டியில் மறுபடி யாரும் சீட்டு போடமாட்டார்கள்.

கேள்வி (எச்ஆர்_மேசை):
நன்றி, வரைவை மாற்றுகிறோம். பாட்டிலில் கூடுதலாக நிரம்புவதைக் குறைப்பவர்களையும் சேர்க்கலாமா?

பதில் (கியூஏ_லேப்):
சேர்க்கலாம். 500 மி.லி. பாட்டிலில் சராசரி 506 என்றால் ஏறக்குறைய 83 பாட்டிலுக்கு ஒன்று இலவசமாகப் போகிறது. ஆனால் சராசரி இறங்கினால் பரிசு என்று வைக்காதீர்கள், குறைவாக நிரம்பிய பாட்டில் வெளியே போய்விடும். செக்வெயரில் (ஒவ்வொரு பாட்டிலையும் எடை போடும் கருவி) எடைகளின் ஏற்ற இறக்கம் எவ்வளவு சுருங்கியது என்று பாருங்கள். நாசில், சீல், அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தால்தான் அது சுருங்கும். அதன்பிறகு செட் பாயின்டை (இயந்திரத்தில் வைக்கும் நிரப்பு அளவு) இறக்குவது கியூஏ வேலை.