டோல்கீனின் சின்னப் படைப்புகள்: உங்களுக்கு அறிமுகமானது எப்படி?

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் என்றாலே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதைதான் பேச்சு. என்னைக் கட்டிப்போட்டது 'லீஃப் பை நிகிள்' என்ற சிறுகதை. நிகிள் பெரிய பேர் இல்லாத ஓவியன். காற்றில் அடிபடும் ஓர் இலையை வரைய ஆரம்பிக்கிறான். இலை மரமாகிறது, மரத்துக்குப் பின்னால் காடும் பனிமலையும் வருகின்றன. ஏணி வைத்து வரைகிற அளவுக்குப் படம் பெரிதாகிவிடுகிறது. ஆனால் முடிக்க விட்டால்தானே? பக்கத்து வீட்டு பாரிஷுக்குக் கால் சரியில்லை, மனைவிக்கு உடம்புக்கு முடியவில்லை, புயலில் கூரையும் போய்விட்டது. நிகிள் மனசுக்குள் முணுமுணுத்தபடியே மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போகிறான்.

நான் இதைப் படித்த சமயம் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். எழுத உட்கார்ந்தால் உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். அந்த முணுமுணுப்பு எனக்கு நன்றாகவே பழக்கம். வரைந்த இலை, மழையில் மிதித்த சைக்கிள் இரண்டையும் கதை கணக்கில் வைத்துக்கொள்கிறது. கடைசியில் அவன் போய்ச் சேரும் இடத்தில் அந்த மரம் முழுசாக, உயிரோடு நிற்கிறது. அங்கே அழுதுவிட்டேன். கதை 1945 ஜனவரியில் 'டப்ளின் ரிவ்யூ'வில் வந்தது. மோதிரக் கதை அப்போது பாதியில் கிடந்தது, முதல் பாகம் அச்சாக 1954 ஆனது. நிகிளின் தவிப்பு யாருடையது என்று சொல்லவே வேண்டாம்.

*

எனக்கு டோல்கீன் ஒரு கட்டுரை வழியாகத்தான் பழக்கம். 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி அவர் ஆற்றிய உரை, பின்னால் கட்டுரையானது. ஆண்ட்ரூ லாங் நினைவுச் சொற்பொழிவு அது. லாங் குழந்தைகளுக்காகத் தேவதைக் கதைகளைத் தொகுத்துப் பெயர் வாங்கியவர். அவர் பெயரிலான மேடையிலேயே, இவை குழந்தைகளுக்கு மட்டும் உரியவை அல்ல, பெரியவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய மேசை நாற்காலி மாதிரி குழந்தைகள் அறைக்குத் தள்ளப்பட்டவை என்கிறார் டோல்கீன். இத்தகைய கதைகள் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்பவர்களிடம், சிறையில் இருப்பவன் வீட்டை நினைத்தால் அது குற்றமா என்றும் கேட்கிறார். "இந்த வயசில் மாயாஜாலக் கதையா?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டுக் குறுகிப்போயிருந்த எனக்கு, அந்தப் பக்கம் பெரிய தெம்பு. ஆரம்பப் பகுதி கொஞ்சம் இழுக்கும், விட்டுவிடாதீர்கள்.

*

டோல்கீனின் 'ஸ்மித் ஆஃப் வூட்டன் மேஜர்' கதையை யாரும் சொல்லவில்லையே! 1967இல் வந்தது. ஊர் விருந்துக்கான கேக்கின் உச்சியில், தேவதை ராணி என்று ஒரு சர்க்கரைப் பொம்மையைக் குத்தி வைக்கிறார் சமையல்காரர் நோக்ஸ். அதே கேக்கில் ஒளிந்திருந்த மாய நட்சத்திரத்தை விழுங்கிய சிறுவன் ஸ்மித், வளர்ந்தபின் நிஜத் தேவதை ராணியைப் பார்க்கிறான். அந்தப் பொம்மை ஞாபகம் வந்து வெட்கப்படுகிறான். ராணிக்குக் கோபமே இல்லை. எங்களைப் பற்றிய நினைவே அற்றுப்போவதைவிடச் சிலருக்கு அந்தப் பொம்மையாவது இருக்கட்டும் என்கிறாள். அப்புறம் நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேளை வருகிறது. அடுத்து யாருக்கு என்று கேட்டால், தேவதைகளையெல்லாம் கேலி செய்த நோக்ஸின் வம்சத்துப் பையனைத்தான் ஸ்மித் காட்டுகிறான்.